மருந்து மலிவுதாங்க, கை மலிவில்லை

1/ "மருந்து மலிவா எங்க கிடைக்கும்?"

டாக்டர்கிட்ட கேக்கிற சாதாரணக் கேள்வின்னு நினைப்பீங்க. சேலம், நாமக்கல் பக்கம் மலையடிவாரத்துல மருந்துன்னா மாத்திரை மட்டும் இல்லீங்க. நாட்டுத் துப்பாக்கியில கெட்டிக்கிற கருமருந்தும் மருந்துதான். இந்த இழை அந்த மருந்தைப் பத்தி. கொஞ்சம் பெருசு. மரவள்ளிக்காடு, மக்காச்சோளக்காடு வச்சிருக்கிறவங்களும் மலையில சொந்தபந்தம் இருக்கிறவங்களும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மூணு விசயம்.

ஒண்ணு: வீட்ல மருந்து இடிக்கிறது, ஈயம் உருக்குறது, காலித் தோட்டாவுல மறுபடியும் மருந்து அடைக்கிறது, எந்தக் கணக்குல பார்த்தாலும் மலிவு இல்ல.

ரெண்டு: இதைச் செய்றவங்கள்ல பெரும்பாலானவங்க ரவுடி இல்ல. பன்னிகிட்ட பயிரைத் தொலைச்ச விவசாயி.

மூணு: வெடிச்சதைவிட, வெடிச்ச பிறகு கேஸுக்குப் பயந்து வீட்டுலயே கிடக்கிறதுதான் நிறைய பேரோட கையையும் கண்ணையும் எடுக்குது.

3/ என்ன கலந்தா மருந்து, எவ்வளவு போடணும், எங்க வாங்கலாம், எதையும் இங்க எழுத மாட்டேன். இன்பாக்ஸ்ல கேட்டாலும் பதில் வராது. வெடிச்சா என்ன ஆகும், அதுதான் எனக்குத் தெரிஞ்ச சப்ஜெக்ட்.

4/ முதல்ல நிலவரம். நம்ம பக்கம் சமவெளியைச் சுத்தி மலைதான். ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, போதமலை. கீழ ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம். இந்தப் பக்கம் முழுக்க மரவள்ளி. சேகோ ஃபேக்டரிக்குப் போய் ஜவ்வரிசியா மாறி வடநாடு வரைக்கும் போற கிழங்கு.

5/ மரவள்ளி எட்டு மாசம், பத்து மாசம் காட்டுல நிக்கிற பயிர். கிழங்கு திரண்டு வர்ற நேரத்துல ஒரு ராத்திரி பன்னிக் கூட்டம் இறங்குச்சுன்னா, காலையில பார்த்தா காடு உழுது போட்ட மாதிரி கிடக்கும். தின்னது கொஞ்சம், பிடுங்கிப் போட்டது நிறைய. மக்காச்சோளமும் நிலக்கடலையும் அதே கதைதான்.

பத்து மாச உழைப்பை இழந்து நிக்கிறவர்கிட்ட "சட்டப்படி தப்புங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்தா அவர் காதுல ஏறாது. அதனால அதை மட்டும் சொல்ல நான் வரல.

6/ சரி, கடையில தோட்டா வாங்க வேண்டியதுதானே? முடியாது. லைசென்ஸ் இருந்தாத்தான் தோட்டா. லைசென்ஸ் இருந்தாலும் ஒரு தடவைக்கு எவ்வளவு, வருசத்துக்கு எவ்வளவுன்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். கடைக்காரர் கணக்கு வைக்கணும். 12 போர் தோட்டா தயாரிக்கிறது மகாராஷ்டிராவுல கட்கி அரசுத் தொழிற்சாலை. நம்ம ஊர் கடை வரைக்கும் அது வர்றதுக்குள்ள விலையும் ஏறிடும், சரக்கும் அடிக்கடி இருக்காது.

லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்காரருக்கு அந்தக் கதவு மொத்தமா சாத்திக் கிடக்கு. அங்கதான் "நாமளே செஞ்சுக்கலாம்" தொடங்குது.

7/ செஞ்சுக்கிறது எப்படி? பட்டாசைப் பிரிச்சுக் கொட்டறது. கல்குவாரியில இருந்து கசிஞ்சு வர்றதை வாங்கறது. பழைய பேட்டரித் தகட்டை உருக்கி ரவை ஊத்தறது. ஒர்க்‌ஷாப்ல தேஞ்ச பேரிங்கை உடைச்சு பால்ரஸ் எடுக்கிறது. எல்லாமே ஓசி, இல்லன்னா அஞ்சு பத்து ரூபா. மலிவுன்னு தோணத்தான் செய்யும்.

இந்த மலிவுக்கு உடம்பு என்ன விலை குடுக்குதுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

8/ மருந்து இடிக்கும்போதோ கலக்கும்போதோ வெடிச்சா: முகம், கழுத்து, ரெண்டு முன்னங்கை. குனிஞ்சு உக்காந்து செய்ற வேலை, அதனால தீ நேரா முகத்துக்கு வரும். இமை கருகும், கண்ணு வீங்கி மூடிக்கும். சூடான புகையை உள்ள இழுத்தா மூச்சுக்குழாய் வீங்கும். வந்தப்ப பேசிட்டு இருந்தவர் கொஞ்ச நேரத்துல மூச்சுக்குத் திணறுவார். குரல் கரகரன்னு மாறுது, சளியில கரி வருதுன்னா நாங்க பதறுவோம். தீக்காயத்தோட அளவைப் பார்த்து இல்ல, அதைப் பார்த்துத்தான் பதறுவோம்.

9/ தீப்பெட்டி, பீடி எதுவும் பக்கத்துல இல்லையேம்பாங்க. அது தேவையே இல்லீங்க. உரசல் போதும். இரும்புல இரும்பு பட்ட பொறி போதும். நைலான் சட்டையில உருவாகிற மின்சாரம் போதும். லைசென்ஸ் வாங்கின பட்டாசுக் கூடத்துல தனித்தனி அறை, ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடுன்னு எத்தனையோ விதி இருக்கு. அப்படி இருந்தும் சேலம் சர்க்கார் கொல்லப்பட்டியில 2023 ஜூன் 1 அன்னைக்குப் பட்டாசுக் கூடம் வெடிச்சு உசுரு போச்சு. விதி இருக்கிற இடத்துலயே அப்படின்னா உங்க வீட்டு அட்டாலியில என்ன விதி இருக்கு?

10/ வீட்ல சும்மா வச்சிருந்தாலே போதும். 2022 டிசம்பர் 31 அதிகாலை நாமக்கல் மோகனூர்ல ஒரு வீட்ல வச்சிருந்த பட்டாசு வெடிச்சு நாலு பேர் செத்தாங்க. அக்கம்பக்கத்து வீடுகளும் சேதம். வெடி வைக்கிற வீடு, சமைக்கிற வீடு, குழந்தை தூங்கற வீடு, மூணும் ஒரே வீடா இருக்கக் கூடாது.

11/ கெட்டிக்கும்போது வெடிச்சா: கம்பியால இடிச்சு இறுக்குற கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முதல்ல போகும். சிலசமயம் உள்ளங்கையே பிளந்துடும்.

முந்தின தடவை வெடிக்காம நமுத்துப்போன மருந்து உள்ள இருக்கும். அதை மறந்துட்டு மேல இன்னொரு சுத்து கெட்டிப்பாங்க. சிலர் "ஏன் வெடிக்கல"ன்னு குழாய் வாயில கண்ணை வச்சுப் பார்ப்பாங்க. தாமதமா பத்திக்கிற மருந்து சரியா அந்த நேரத்துலதான் பத்தும்.

12/ சுடும்போது குழாயே வெடிச்சா: இடது கையும் முகமும். நாட்டுத் துப்பாக்கிக் குழாய் அதுக்குன்னு செஞ்ச எஃகு இல்ல. பல நேரம் கிடைச்ச இரும்புக் குழாய். உள்ள துரு, ஓரத்துல பத்தவச்ச தையல். ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு வேகத்துல எரியற மருந்து. போன தடவை தாங்குச்சுன்னா இந்தத் தடவையும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. கன்னத்தை ஒட்டித்தான் குறி பார்க்கிறோம். பின்பக்கம் பிளந்தா தெறிக்கிற இரும்பு கண்ணுலதான் ஏறும்.

13/ அடுத்தது, நினைச்சாலே நெஞ்சு அடைக்கிறது. ராத்திரி காவலுக்குப் போனவங்க, புதர் அசையுதுன்னு பன்னின்னு நினைச்சு சுட்டுடுவாங்க. அசைஞ்சது கூட வந்த மச்சானா இருக்கும், தம்பியா இருக்கும். சுட்டவரே தூக்கிட்டு ஓடி வருவார். அந்தக் குடும்பம் அதுக்கப்புறம் ஒரு இழவு வீட்ல, ஒரு கல்யாண வீட்ல ஒண்ணா உக்காராது.

14/ எக்ஸ்ரேல ரவையும் பால்ரஸும் வெள்ளைப் புள்ளியா வயிறு முழுக்கத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் குடல்ல ஒரு ஓட்டையா இருக்கலாம். மருந்தை இறுக்க வைக்கிற தேங்காய் நார், கந்தல் துணி எக்ஸ்ரேல தெரியாது. அது காயத்துக்குள்ள போய் உக்காந்து சீழ் வைக்கும்.

பால்ரஸ்ல இன்னொரு சிக்கல். அது எஃகு, காந்தம் இழுக்கும். உடம்புக்குள்ள இருந்தா பின்னாடி எந்த வியாதிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க பயப்படணும். நாப்பது வயசுல வாங்கின குண்டு, அறுபது வயசுல பக்கவாதம் வரும்போதும் குறுக்க நிக்கும்.

15/ "ஈயம் தாங்க, எங்க பாட்டி ஈயச் சொம்புல ரசம் வச்சாங்களே"ன்னு ஒருத்தர் சொல்லுவார். அது வேற ஈயம், இது வேற ஈயம். ரசச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில இருக்கிறது, ரவை ஊத்தறது காரீயம். காரீயம் விசம். உடம்புல இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

16/ அடுப்படியில பேட்டரித் தகட்டை உருக்குறீங்க. புகையும் தூசியும் தரையில படியும். அதே தரையில தவழற குழந்தை கையை வாயில வைக்கும். பெரியவங்களைவிடக் குழந்தை குடல் ஈயத்தை அதிகமா உறிஞ்சும். ரத்தசோகை, வயித்துவலி, படிப்புல மந்தம், மோசமானா வலிப்பு. மந்தமா இருக்கான்னு வாத்தியார் திட்டுவார். காரணம் அடுப்புல இருக்கும்.

17/ மிகைப்படுத்தலைங்க. ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் பக்கம் தியாரோய்-சுர்-மெர்னு ஒரு ஊர். பழைய பேட்டரி ஈயத்தைப் பிரிச்செடுத்த இடத்துல 2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப் போச்சு. வெடி இல்ல, துப்பாக்கி இல்ல. வெறும் ஈயத் தூசி. மேட்டூர்ல வலைக்கு ஈயக்குண்டு ஊத்தற மீனவ நண்பர்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்குள்ள உருக்காதீங்க.

18/ அவுட்டுக்காய். துப்பாக்கியே வேண்டாம், தீனிக்குள்ள வெடியை வச்சுப் போட்டா பன்னி கடிச்சுச் சாகும்ங்கிற மலிவு வழி. கடிக்கிறது பன்னியா, உங்க பக்கத்துத் தோட்டத்து மாடா, யானையான்னு வெடிக்குத் தெரியாது. 2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதைஞ்சு ஆத்துத் தண்ணியில நின்னே செத்த சினை யானையை மறந்திருக்க மாட்டீங்க.

19/ அதுக்கு அடுத்த மாசம், 2020 ஜூன்ல, நமக்குக் காவிரிக்கு இதே கரையில, திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம், மீன் பிடிக்க வச்சிருந்த வெடியைத் தின்பண்டம்னு நினைச்சுக் கடிச்ச ஆறு வயசுப் பையன் செத்துட்டான்.

யானைக்கு இந்தியாவே அழுதது. அந்தப் பையனை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

20/ இப்ப கணக்குக்கு வருவோம். மொத்தக் கையோட உபயோகத்துல கட்டைவிரல் மட்டுமே கிட்டத்தட்ட 40 சதவீதம்னு கை அறுவை சிகிச்சையில சொல்லுவாங்க. கட்டைவிரல் இல்லாம மண்வெட்டி பிடிச்சுப் பாருங்க. பால் கறந்து பாருங்க. மரவள்ளிக் குச்சியைப் பிடிச்சு ஆட்டிக் கிழங்கு பிடுங்கிப் பாருங்க. எந்தக் காட்டைக் காப்பாத்த இதையெல்லாம் செஞ்சாரோ அந்தக் காட்டுல அவரால இனி வேலை செய்ய முடியாது. குத்தகைக்கு விடணும், இல்லன்னா விக்கணும்.

21/ அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக் காசு வாங்க மாட்டோம். ஆனா சிதைஞ்ச கைக்கு ஒரு ஆபரேஷன் போதாது. சுத்தம் பண்ண ஒண்ணு, தோல் வச்சு மூட ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணு, நரம்புக்கு, தசைநாருக்குன்னு அது பாட்டுக்குப் போகும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மாசக்கணக்குல பிசியோதெரபி. கூட இருக்கிற சம்சாரத்தோட கூலி போகும். மாட்டை யார் பார்க்கிறதுன்னு மாட்டை விப்பாங்க. பையன் ஸ்கூல் நிப்பான். மிச்சம் பிடிச்ச தோட்டாக் காசு எந்த மூலைக்குப் பத்தும்?

22/ விபத்துக்குன்னு அரசு திட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" சாலை விபத்துக்கான திட்டம். வெடி விபத்துக்கு அது வராது.

23/ இனி, முக்கியமான விசயம். தாமதம்.

வெடிச்ச உடனே வந்தா கை பிழைக்கிற வாய்ப்பு இருக்கு. துண்டான கை, மணிக்கட்டு மாதிரி தசை உள்ள பகுதி, ஐஸ்ல வைக்காம இருந்தா சுமார் ஆறு மணி நேரம்தான். விரல் கொஞ்சம் கூடுதலா தாங்கும். கொல்லிமலை செம்மேட்டுல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். அப்புறம் நாமக்கல், அங்கிருந்து தேவைப்பட்டா சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, இன்னும் தேவைப்பட்டா கோயம்புத்தூரோ சென்னையோ. சென்னை ஸ்டான்லியில டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல ஆரம்பிச்ச கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடே திரும்பிப் பார்த்த ஒண்ணு. வைத்தியம் இருக்கு. அங்க போய்ச் சேர நேரம்தான் இருக்காது.

24/ இருக்கிற ஆறு மணி நேரத்துல நாலு மணி நேரம் எதுல போகுது தெரியுமா? "என்னன்னு சொல்றது?"ங்கிற பஞ்சாயத்துல. கேஸ் ஆகிடும், உள்ள தூக்கி வச்சிடுவாங்கங்கிற பயத்துல. காப்பித்தூளையும் மஞ்சளையும் அப்பி, துண்டைச் சுத்தி, விடியட்டும்னு இருந்துடறாங்க. மறுநாள் சீழோட வருவாங்க. சில பேர் மூணாம் நாள், கை கறுத்த பிறகு.

25/ வந்தாலும் நிஜம் வராது. "சிலிண்டர் வெடிச்சிருச்சுங்க." "பம்புசெட்டு ஷாக் அடிச்சிருச்சுங்க." "கோயில் பட்டாசுங்க."

அம்மா, அய்யா, கொஞ்சம் கேளுங்க. நீங்க சொல்ற காரணத்தை வச்சுத்தான் நான் எங்க தேடணும்னு முடிவு பண்றேன். கரண்டுன்னா இதயத்தைப் பார்ப்பேன். சிலிண்டர்னா தீக்காயத்தைப் பார்ப்பேன். துப்பாக்கின்னு சொன்னாத்தான் வயித்துக்குள்ள ரவையைத் தேடுவேன், காயத்துக்குள்ள நாரைத் தேடுவேன், காது ஜவ்வு கிழிஞ்சிருக்கான்னு பார்ப்பேன், தோல்ல பச்சை குத்தின மாதிரி இறங்கியிருக்கிற கருமருந்தை முதல் நாளே தேய்ச்சு எடுப்பேன். அன்னைக்கு எடுக்காம விட்டா அந்தக் கறுப்பு சாகுற வரைக்கும் முகத்துல இருக்கும்.

26/ போலீசுக்குத் தகவல் போகுமா? போகும். இந்த மாதிரிக் காயம் வந்தா தகவல் குடுக்கிறது எங்க கடமை. அதை மறைச்சு உங்களுக்குப் பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். ஆனா வரிசை முக்கியம். முதல்ல வைத்தியம், அப்புறம்தான் பேப்பர். 1989-ல பரமானந்த் கட்டாரா வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காம உயிரைக் காப்பாத்தணும். யாராவது "போலீஸ் வரட்டும்"னு உங்களை நிக்க வச்சா இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்க.

27/ சட்டம் பத்தி ரெண்டு வரி. 1959-ம் வருச ஆயுதச் சட்டத்துல துப்பாக்கி மட்டும் ஆயுதம் இல்ல. தோட்டா, தோட்டாவோட பாகங்கள், அதைச் செய்ற கருவி, எல்லாம் அதுக்குள்ள வரும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாம ஆயுதமோ தோட்டாவோ தயாரிச்சா குறைஞ்சது ஏழு வருசம், ஆயுள் வரைக்கும் போகலாம். "வீட்டுக்கு நாலு தோட்டாதானே"ங்கிற பேச்சு கோர்ட்டுல நிக்காது.

28/ யூடியூப் பசங்களுக்கு. அமெரிக்காக்காரர் தன் கராஜ்ல மிசின் வச்சு தோட்டா நிரப்புற வீடியோ ஆயிரக்கணக்குல இருக்கு. அங்க அது சட்டப்படி பொழுதுபோக்கு. மருந்து ஃபேக்டரியில செஞ்சு டப்பாவுல வருது, எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவுன்னு புத்தகம் இருக்கு, துப்பாக்கி சோதனை பண்ணினது. அவ்வளவு இருந்தும் அங்கயும் கை போகுது. இங்க அந்த மூணுல ஒண்ணும் இல்ல. வீடியோ மட்டும் இருக்கு.

2022 மே மாசம் ஓமலூர் பக்கம் வாகனச் சோதனையில துப்பாக்கியோட ரெண்டு இளைஞர்கள் பிடிபட்டாங்க. வாடகை வீட்ல யூடியூப் பார்த்துச் செஞ்சதா போலீஸ் சொன்னது. கேஸ் என்.ஐ.ஏ. வரைக்கும் போச்சு.

29/ இப்ப அரசாங்கத்துக்கு. விவசாயியை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போனா இந்த இழை நியாயமா இருக்காது.

பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் தரலாம்னு அதே ஆயுதச் சட்டத்துல, 13-வது பிரிவுல இடம் இருக்கு. நடைமுறையில அது ஒரு சின்ன விவசாயிக்கு எட்டாத உயரம். எட்டினாலும் பன்னியைச் சுட அது அனுமதி இல்ல, காட்டுயிர்ச் சட்டம் தனி. அதனால "லைசென்ஸ் குடுங்க, சுட்டுக்கறோம்"ங்கிறது என் கோரிக்கை இல்ல. இருட்டுல நடக்கிற துப்பாக்கிச் சூட்டைப் பெருக்குற எதையும் நான் கேக்க மாட்டேன்.

30/ 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவிச்சது. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பன்னியைச் சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணு கிலோமீட்டர் தாண்டி வந்தா வனத்துறை ஆளுங்க சுடலாம். காகிதத்துல நல்ல முடிவு. ஆனா காட்டை ஒட்டித் தோட்டம் வச்சிருக்கிறவர்தான் அதிகம் பாதிக்கப்படறவர். அவர் முதல் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கார். அவருக்கு என்ன பதில்?

31/ நான் கேக்கிறது நாலு.

ஒண்ணு, பயிர்ச்சேத இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னாடி கைக்கு வரணும். ரெண்டு வருசம் கழிச்சு வர்ற இழப்பீடு, இழப்பீடு இல்ல.

ரெண்டு, சூரிய மின்வேலிக்கு மானியம் இருக்கு. மலையடிவாரச் சின்ன விவசாயிக்கு முதல் வரிசையில குடுங்க, நாலு பேர் சேர்ந்து போட்டா இன்னும் சுலபமா குடுங்க.

32/ நடுவுல ஒரு எச்சரிக்கை. சூரிய மின்வேலிங்கிறது விட்டுவிட்டு அடிக்கிற, கொல்லாத ஷாக். மோட்டார் ரூம்ல இருந்து நேரா கம்பி இழுக்கிறது வேலி இல்ல, கொலை. 2023 மார்ச்சுல தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் அந்த மாதிரிக் கம்பியில மூணு யானை செத்துச்சு. மனுசங்களும் சாகறாங்க, பல நேரம் வேலி போட்டவரே. துப்பாக்கியை விட்டுட்டு இதுக்குப் போயிடாதீங்க.

33/ மூணு, ஒப்படைப்பு. நம்ம மலைக்கிராமங்கள்ல போலீஸ் அப்பப்ப அறிவிப்பு குடுக்கும்: குறிச்ச நாளுக்குள்ள கள்ளத் துப்பாக்கியை ஒப்படைச்சா வழக்கு இல்லைன்னு. ஊர்ப் பெரியவங்க மூலமா, பொது இடத்துல வச்சுட்டுப் போற மாதிரி எல்லாம் ஜனங்க குடுத்திருக்காங்க. நல்ல வழி. ஆனா அது எப்பவோ ஒரு தடவை, ஒரு அதிகாரியோட ஆர்வத்துல நடக்குது. வருசா வருசம், அறுவடைக்கு முன்னாடி, நிலையான தேதியில நடக்கணும். துப்பாக்கி மட்டும் இல்ல, வீட்ல மிச்சம் கிடக்கிற மருந்தும் வெடியும் சேர்த்து வாங்கணும். அதே முகாம்ல பயிர்ச்சேத மனுவையும் வேலி மானிய மனுவையும் வாங்கணும். துப்பாக்கியைக் குடுத்துட்டு வெறுங்கையோட போக விடாதீங்க.

34/ நாலு, காயத்தோட வர்றவரைப் பத்தி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கிறவரை முதல் நாளே வாக்குமூலம்னு நெருக்கறதைப் பார்த்துட்டுப் போற சொந்தக்காரங்க, அடுத்த தடவை தங்க வீட்டு ஆளைக் கொண்டு வர மாட்டாங்க. செய்திப் பரவல் அப்படித்தான் மலையில நடக்குது. வெடி விக்கிறவனைத் தேடுங்க, குவாரியில இருந்து கசியற ஓட்டையை அடைங்க. கை போனவரை முதல்ல பிழைக்க விடுங்க.

35/ இனி இதைச் சேமிச்சு வச்சுக்குங்க. வெடிக்காயம்னா என்ன செய்யணும்:

முதல்ல 108.
ரத்தம் வந்தா சுத்தமான துணியை வச்சு பத்து நிமிசம் விடாம அழுத்துங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. கையைத் தூக்கி வைங்க.
மோதிரம், கயிறு, வளையல் உடனே கழட்டுங்க. வீங்கினா கழட்ட முடியாது.
தீக்காயத்துல ஓடற சாதாரணத் தண்ணி, இருபது நிமிசம். ஐஸ், இங்க், பேஸ்ட், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

36/ கண்ணுல ஏதாவது குத்தியிருந்தா கழுவாதீங்க, அழுத்தாதீங்க, பிடுங்காதீங்க. ஒரு பேப்பர் கப்பைக் கவுத்து மூடி அப்படியே கூட்டிட்டு வாங்க.

விரல், கை துண்டா போயிருந்தா: சுத்தமான ஈரத்துணியில சுத்தி, ஒரு பாலிதீன் கவர்ல போட்டு இறுக்கக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணிக்குள்ள வைங்க. நேரா ஐஸ் மேல வைக்கக் கூடாது, உறைஞ்சா ஒட்டாது. எவ்வளவு சிதைஞ்சிருந்தாலும் எடுத்துட்டு வாங்க. உபயோகப்படுமா இல்லையான்னு நாங்க பார்த்துக்கறோம்.

சாப்பிட, குடிக்க எதுவும் குடுக்காதீங்க. உடனே ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்.

37/ வீட்ல பழைய மருந்தோ வெடியோ இருந்தா நீங்களே அழிக்கப் பார்க்காதீங்க. அடுப்புல போடறது, கிணத்துல கொட்டறது, குப்பையோட கொளுத்தறது, பஸ்ல எடுத்துட்டுப் போறது, எதுவும் வேண்டாம். தொடாம, குழந்தைகளை விலக்கி வச்சுட்டு, ஊர்ப் பெரியவர் இல்லன்னா வி.ஏ.ஓ. மூலமா போலீசுக்குச் சொல்லுங்க. பக்கத்துல ஒரு வக்கீலையோ கவுன்சிலரையோ கூட வச்சுக்கறது உங்க உரிமை.

38/ "நீங்க ஏசி ரூம்ல உக்காந்து சொல்லுவீங்க"ன்னு ரிப்ளை வரும். எங்க கேஷுவாலிட்டியில ஃபேனே ஒழுங்கா ஓடாதுங்க, அது வேற கதை. பன்னி தோண்டின காட்டு வலி எனக்கு முழுசா தெரியும்னு சொல்ல மாட்டேன். போன பயிர் அடுத்த வருசம் வரும். கை வராது. எனக்கு உறுதியா தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

39/ உங்க ஊர் வாட்ஸப் குரூப்ல 35-ம் 36-ம் மட்டுமாவது போடுங்க. யார் வீட்ல துப்பாக்கி இருக்குன்னு ஊருக்கே தெரியும். அவர் பேரைச் சொல்லாம, பொதுவாப் போடுங்க. அவரும் படிப்பார்.